பார்ட்னர் ஓப்பன் செய்து எதிராளி டபுள் கேட்டால்: டிரான்ஸ்ஃபர் ஆடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு நாள் பெரியப்பாவோடு ஜோடி சேர்ந்து சென்னையில் டூப்ளிகேட் பிரிட்ஜ் (எல்லா மேஜைகளிலும் அதே சீட்டுகளை ஆடி ஒப்பிடும் பிரிட்ஜ்) ஆடுகிறீர்கள். போன வாரம் எதிர் ஜோடியில் ஒருவர் ஒரு ஸ்பேடு ஓப்பன் செய்தார், அதாவது ஏலத்தைத் தொடங்கினார். பெரியப்பா டேக்-அவுட் டபுள் கேட்டார். அடுத்தவர் இரண்டு கிளப் அட்டையை வைத்ததும் அவருடைய பார்ட்னர், அந்தக் கேள்விக்குத் தனி அர்த்தம் உண்டு என்று எச்சரிக்கும் அலெர்ட் அட்டையைக் காட்டினார். நீங்கள் விசாரித்தபோது, "டைமண்டுக்கு டிரான்ஸ்ஃபர்" என்று பதில் வந்தது, அதாவது ஒன்றைக் கேட்டு அதற்கு அடுத்த சூட்டைக் காட்டுவது. அதிலிருந்து நாமும் இப்படி ஆடினால் என்ன என்று உங்களுக்கு ஓர் ஆசை. பெரியப்பாவோ, "நாற்பது வருஷமா ரீடபுள்னா பத்து பாயிண்ட், மத்ததெல்லாம் கையில இருக்கறபடி. அது போதும்" என்கிறார். (ரீடபுள் என்பது எதிராளியின் டபுளுக்கு மேல் கேட்கும் டபுள்.)

ஆடலாம். நான் பல வருடங்களாக ஆடுகிறேன், விட மாட்டேன். ஆனால் இதன் பலன் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டு ஆட வேண்டும். பலர் முதல் கேள்வியை, அதாவது ஏலத்தில் முதலில் கேட்பதை, மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மேஜைக்கு வந்துவிடுகிறார்கள். பலன் இருப்பதோ இரண்டாவது கேள்வியில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "டேக்-அவுட் டபுளுக்கு டிரான்ஸ்ஃபர் பதில்" என்று சொல்லும்போது இரண்டு வேறு நாற்காலிகளைக் கலந்து பேசுகிறோம். ஒன்று, நம் பார்ட்னர் டபுள் கேட்டு, நாம் அதற்குப் பதில் சொல்வது. இன்னொன்று, நம் பார்ட்னர் ஓப்பன் செய்து, எதிராளி டபுள் கேட்டு, அதற்கு மேல் நாம் பேசுவது. நீங்கள் பார்த்தது இரண்டாவது. டிரான்ஸ்ஃபருக்கு நிஜமான வேலை இருப்பதும் அங்கேதான். அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். முதலாவதைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறேன்.

எதிராளியின் டபுள் என்ன சொல்கிறது? "ஓப்பன் செய்த சூட்டில் எனக்குச் சீட்டு குறைவு, மற்ற மூன்றிலும் தாங்குவேன், ஓப்பன் செய்யும் அளவுக்குக் கை இருக்கிறது." ஓப்பனரிடம் 12, 13 பாயிண்ட், டபுள் கேட்டவரிடம் அதே அளவு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் மொத்தமே 40தான். மீதி 14, 15 பாயிண்டை நீங்களும் உங்கள் வலதுகைக்காரரின் பார்ட்னரும் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். அதாவது இந்த இடத்தில் உங்கள் கையில் பெரும்பாலும் ஐந்தோ, ஏழோ, எட்டோதான் இருக்கும். பெரியப்பாவின் ரீடபுளுக்கு வேண்டிய பத்து பாயிண்ட் அபூர்வமாகத்தான் வரும். அந்த அபூர்வக் கைக்கு அவருடைய முறை நன்றாகவே வேலை செய்கிறது. தினமும் வரும் ஏழு பாயிண்ட் கையில்தான் அது தடுமாறுகிறது.

சரி, முறையைச் சொல்கிறேன். பார்ட்னர் ஒரு ஸ்பேடு, வலதுகைக்காரர் டபுள். இப்போது நீங்கள் ஒரு நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) கேட்டால் அது நோ டிரம்ப் அல்ல, கிளப். இரண்டு கிளப் என்றால் டைமண்ட். இரண்டு டைமண்ட் என்றால் ஹார்ட். இரண்டு ஹார்ட் என்றால் மூன்று ஸ்பேடோடு ஏழு முதல் ஒன்பது பாயிண்ட் உள்ள நல்ல ரெய்ஸ், அதாவது பார்ட்னரின் சூட்டுக்கு ஆதரவு. நேராக இரண்டு ஸ்பேடு கேட்டால் அதுவே மெலிந்த ரெய்ஸ், பெயருக்கு நாலைந்து பாயிண்ட். ரீடபுள் பழையபடியே பத்தும் அதற்கு மேலும். இரண்டு நோ டிரம்ப் என்றால் நான்கு ஸ்பேடோடு கேமுக்கு (போனஸ் கிடைக்கும் உயரத்துக்கு) அழைக்கும் கை அல்லது அதைவிடப் பெரியது. இதை ஜோர்டன் என்றும் ட்ரஸ்காட் என்றும் சொல்வார்கள், பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கும். மூன்று ஸ்பேடு என்றால் நான்கு சீட்டு, பாயிண்ட் இல்லை, வழியை மறிப்பதற்காக.

ஒரு ஹார்ட் ஓப்பனிங் என்றால் ஒரு படி குறையும். ஒரு ஸ்பேடு உள்ளபடியே ஸ்பேடு. ஒரு நோ டிரம்ப் கிளப், இரண்டு கிளப் டைமண்ட், இரண்டு டைமண்ட் நல்ல ஹார்ட் ரெய்ஸ், இரண்டு ஹார்ட் மெலிந்த ரெய்ஸ். அவ்வளவுதான். அமெரிக்க ஆட்டக்காரர்கள் பலர் இதைக் கேப்பெல்லெட்டி என்பார்கள். எதிராளியின் ஒரு நோ டிரம்புக்கு எதிராக ஆடும் இன்னொரு முறைக்கும் அதே பெயர் உண்டு. ஆகவே புது பார்ட்னரிடம் "கேப்பெல்லெட்டி ஆடலாமா" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். இருவரும் தலையாட்டிவிட்டு வெவ்வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது பலனுக்கு வருகிறேன். உள்ளபடி ஆடும்போது இரண்டு டைமண்ட் என்று சொன்னால் ஒரே ஒரு கைதான் பேசுகிறது: நீளமான டைமண்ட், பலம் சுமார். பார்ட்னர் பாஸ் செய்துவிடலாம். அதனால் அதற்கு மேல் எதையும் அந்தக் கேள்விக்குள் வைக்க முடியாது. டிரான்ஸ்ஃபரில் பார்ட்னர் பாஸ் செய்ய முடியாது. ஏலம் உங்களிடம் திரும்பி வந்தே தீரும். திரும்பி வரும் என்ற நிச்சயம் இருப்பதால் மூன்று வகைக் கைகளை ஒரே கேள்விக்குள் வைக்கலாம். டைமண்டைக் காட்டிவிட்டுப் பாஸ் செய்தால் பலமில்லாத நீளக் கை. டைமண்டைக் காட்டிவிட்டு இரண்டு ஸ்பேடுக்குத் திரும்பினால், ஸ்பேடு ரெய்ஸ், கூடவே நல்ல டைமண்ட். டைமண்டைக் காட்டிவிட்டு அதற்கு மேலும் ஏறினால், பத்துக்கு மேல் உள்ள, சொந்தச் சூட் உள்ள பெரிய கை.

மூன்றிலும் நடுவில் இருப்பதுதான் என் கண்ணுக்குத் தங்கம். ஒரு கையை வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் தெற்கு. ஸ்பேடில் ராணி, 8, 4. ஹார்ட்டில் 9, 2. டைமண்டில் ராஜா, ராணி, 10, 9, 3. கிளப்பில் 8, 6, 5. பாயிண்ட் ஏழு. வடக்கில் பார்ட்னர் ஒரு ஸ்பேடு, கிழக்கு டபுள். உங்கள் பெரியப்பா முறையில் இது யோசிக்காமல் இரண்டு ஸ்பேடு. தப்பே இல்லை. ஆனால் எதிராளிகள் ஹார்ட்டில் ஏறி ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டால், பார்ட்னர் எதை லீட் செய்வார், அதாவது முதல் சீட்டாக எதை வைப்பார்? உங்கள் டைமண்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

இந்தக் கை எங்களுக்கே வந்தது, அதனால் மற்ற மூன்று கைகளும் நினைவிருக்கின்றன. வடக்கில் என் பார்ட்னரிடம் ஸ்பேடில் ஏஸ், ஜாக், 10, 7, 5. ஹார்ட்டில் ஏஸ், 6. டைமண்டில் 8, 4. கிளப்பில் ஏஸ், 9, 3, 2. கிழக்கில் ஒற்றை ஸ்பேடு 3, ஹார்ட்டில் ராஜா, ராணி, 10, 5, டைமண்டில் ஏஸ், 7, 6, 2, கிளப்பில் ராஜா, ஜாக், 7, 4. பாடப்புத்தகத்தில் போடும்படியான டபுள். மேற்கில் ஸ்பேடில் ராஜா, 9, 6, 2, ஹார்ட்டில் ஜாக், 8, 7, 4, 3, டைமண்டில் ஜாக், 5, கிளப்பில் ராணி, 10.

நான் இரண்டு கிளப் கேட்டேன், பார்ட்னர் அலெர்ட் செய்தார். மேற்கு இரண்டு ஹார்ட் என்றார். பார்ட்னரும் கிழக்கும் பாஸ். நான் இரண்டு ஸ்பேடு. இப்போது பார்ட்னருக்கு முழுக் கதையும் தெரியும்: மூன்று ஸ்பேடு, நல்ல டைமண்ட், ஏழு எட்டு பாயிண்ட். மேற்கும் வடக்கும் பாஸ் செய்ய, கிழக்கு மூன்று ஹார்ட்டுக்கு ஏறினார், எல்லோரும் பாஸ். பார்ட்னர் ஒரு நொடிகூட யோசிக்காமல் டைமண்ட் 8-ஐ வைத்தார்.

டம்மியில், அதாவது மேஜையில் பரப்பிய கிழக்கின் கையில், டைமண்ட் ஏஸ் எடுத்தது. டிக்ளேரர், அதாவது இரண்டு கைகளையும் ஆடும் மேற்கு, ஹார்ட் ஆடினார். பார்ட்னர் ஏஸை எடுத்து டைமண்ட் 4-ஐ என்னிடம் அனுப்பினார். என் ராணி டிக்ளேரரின் ஜாக்கைப் பிடித்தது. அதற்கப்புறம் ஸ்பேடு ஏஸ், கிளப் ஏஸ். நான்கு ட்ரிக் எங்களுக்கு, ஒன்பது அவர்களுக்கு, 140.

மற்ற மேஜைகளில் என்ன நடந்தது? தெற்கு நேராக இரண்டு ஸ்பேடு கேட்டிருக்கிறார். வடக்கு தன் ஸ்பேடு ஏஸையோ ஹார்ட் ஏஸையோ வைத்து, அதே சூட்டைத் தொடர்ந்திருக்கிறார். டிக்ளேரருக்கு அந்த ஒரு மூச்சு போதும். கிளப் ராணியால் வடக்கின் ஏஸை வெளியே இழுத்துவிட்டால், டம்மியில் ராஜாவும் ஜாக்கும் நின்றுவிடும். மூன்றாவது கிளப்பில் கையிலிருக்கும் டைமண்ட் ஜாக்கைத் தூக்கிப் போட்டுவிடலாம். பத்து ட்ரிக், 170. முதல் ட்ரிக்கிலோ இரண்டாவதிலோ டைமண்ட் வராவிட்டால் அந்த ட்ரிக் போனது போனதுதான். ஜோடி ஆட்டத்தில் முப்பது பாயிண்ட் என்பது அந்த ஆட்டத்தில் நம் இடம் மேல்பாதியா கீழ்பாதியா என்பதையே தீர்மானித்துவிடுகிறது. நாங்கள் செய்த சாமர்த்தியம் எதுவும் இல்லை. கேள்வியே லீடைச் சொல்லிக்கொடுத்தது.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். அதே ஏழு பாயிண்டில் டைமண்ட் பலம் இல்லாமல், ஸ்பேடில் ராணி, 8, 4, ஹார்ட்டில் ராஜா, 9, 2, டைமண்டில் 8, 6, 5, 3, கிளப்பில் ராணி, 6, 5 என்று சிதறிக் கிடந்தால் நான் இரண்டு ஹார்ட் கேட்பேன், அதாவது சாதாரண நல்ல ரெய்ஸ். அப்போது நான் டைமண்டையோ கிளப்பையோ காட்டவில்லை என்பதே பார்ட்னருக்குச் செய்தி: "என்னிடம் குறிப்பாக எந்தச் சூட்டும் இல்லை, உன் கையைப் பார்த்து லீட் செய்." இன்னும் மெலிந்து, ஸ்பேடில் ஜாக், 8, 4, ஹார்ட்டில் 9, 2, டைமண்டில் ராணி, 9, 7, 5, கிளப்பில் ஜாக், 8, 6, 5 என்று நான்கே பாயிண்ட் என்றால் நேராக இரண்டு ஸ்பேடு. பார்ட்னர் 16 பாயிண்ட் வைத்துக்கொண்டு கேமுக்கு ஏற மாட்டார், தப்பித்தோம். பெரியப்பா முறையில் இந்த மூன்று கைகளுக்கும் ஒரே கேள்வி. நான்கு பாயிண்டா ஒன்பதா என்று தெரியாமல் பார்ட்னர் மூன்று ஸ்பேடுக்கு ஏறி ஒரு ட்ரிக் குறைந்து ஒன்று கீழே போவதும், ஏறாமல் கேமை விட்டுவிடுவதும் அதனால்தான். பெரியப்பாவிடம் இந்த மூன்று கைகளையும் அடுத்தடுத்துப் பரப்பிக் காட்டுங்கள். வாதம் எதுவும் தேவைப்படாது.

டிரான்ஸ்ஃபர் என்றதும் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: பலமான கை மறைந்திருக்கும், பலமான எதிராளி லீட் செய்ய வேண்டியிருக்கும். இது உண்மைதான். வடக்கு ஓப்பனர் என்றால் அவருக்கு இடதுபக்கம் உட்கார்ந்திருப்பவர் கிழக்கு, அதாவது டபுள் கேட்டவர். ஓப்பனர் டிக்ளேரர் ஆனால் அவர்தான் லீட் செய்தாக வேண்டும். ஏஸ்-ராணி, ராஜா-ஜாக் என்று இடைவெளி விட்ட படங்களோடு உட்கார்ந்திருக்கும் அவர் எதைத் தொட்டாலும் நமக்கு ஒரு ட்ரிக் கிடைக்க வாய்ப்பு உண்டு. நீங்களே டிக்ளேரர் ஆனால் மேற்கு லீட் செய்வார். டம்மியாகப் பரப்பிய ஓப்பனரின் கையைத் தாண்டி அது கிழக்கின் பலத்துக்குள் போய் விழும். அதனால் ஆறு கிளப் வைத்திருக்கும் ஆறு பாயிண்ட் கையில்கூட ஒரு நோ டிரம்ப் கேட்டு பார்ட்னரை இரண்டு கிளப் ஆடவைப்பது நல்லது. ஆனால் என் அனுபவத்தில் இது உபரி வருமானம்தான், சம்பளம் அல்ல. நமக்கு வரும் கைகளில் பாதியில் கடைசியில் எதிராளிகள்தான் ஆடப்போகிறார்கள். அங்கே யார் டிக்ளேரர் என்ற பேச்சே எழாது, லீட் மட்டும்தான் மிஞ்சும்.

பெரிய கையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் 11 பாயிண்ட், ஆறு நல்ல டைமண்ட் என்றால் ரீடபுள்தான் வழி. இடதுகைக்காரர் மூன்று ஹார்ட்டுக்குத் தாவிவிட்டால்? ஏலம் திரும்பி வரும்போது நான்கு டைமண்ட் உயரத்தில்தான் உங்கள் சூட்டின் பெயரையே முதல்முறையாகச் சொல்கிறீர்கள். டிரான்ஸ்ஃபரில் டைமண்டை முதலிலேயே காட்டியாயிற்று. அவர் எவ்வளவு தாவினாலும் பார்ட்னருக்கு விஷயம் தெரியும். அதனால் எங்கள் ஜோடியில் ரீடபுள் என்றால் பத்துக்கு மேல், சொந்தமாகப் பெரிய சூட் இல்லை, எதிராளிகளை டபுள் செய்து அடிக்கும் எண்ணம் இருக்கிறது என்று அர்த்தம். ரீடபுளின் பொருளும் இப்படித் தெளிவாகிவிடுகிறது.

எதை இழக்கிறோம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு நோ டிரம்ப் போய்விடுகிறது. எட்டு பாயிண்ட், சமமான கை, ஸ்பேடு இரண்டு என்றால் முன்பு ஒரு நோ டிரம்ப் கேட்டிருப்பீர்கள், இப்போது பாஸ்தான். எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. எதிராளிகள் ஏதாவது பேசப்போகிறார்கள், அடுத்த சுற்றில் உங்களுக்கு வாய்ப்பு வரும். இன்னொரு இழப்பு, இடதுகைக்காரருக்குக் கூடுதலாக ஒரு வசதி. நீங்கள் இரண்டு கிளப் கேட்டால் அவர் அதை டபுள் செய்யலாம், நீங்கள் காட்டிய டைமண்டையே கேட்டுப் பலம் காட்டலாம், அல்லது இப்போது பாஸ் செய்துவிட்டு அடுத்த சுற்றில் பேசலாம். நல்ல ஜோடிகள் இதைப் பயன்படுத்திக்கொள்வார்கள். ஆகவே தகவல் பரிமாறும் இடம் இரு ஜோடிக்கும் கிடைக்கிறது. நமக்குக் கொஞ்சம் அதிகம் கிடைக்கிறது என்பதே என் கணக்கு.

மிகப் பெரிய விலை நினைவு. இதைச் சொந்தக் கதையோடு சொல்கிறேன். ஆட ஆரம்பித்த இரண்டாவது மாதம், நாள் முழுக்க ஆடிய ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. பார்ட்னர் ஒரு ஸ்பேடு, டபுள். என்னிடம் எட்டு பாயிண்ட், ஸ்பேடில் 9, 5, கிளப்பில் ராணி, 8, 4. பழைய பழக்கத்தில் கை தானாகப் போய் ஒரு நோ டிரம்ப் அட்டையை வைத்துவிட்டது. பார்ட்னர் அலெர்ட் அட்டையைத் தொட்ட நொடியில் எனக்கு உறைத்தது. அவர் தன் கடமைப்படி இரண்டு கிளப் கேட்டார். அவரிடம் கிளப் இரண்டே சீட்டு.

இங்கே விதி என்ன சொல்கிறது என்பதை உங்கள் ஜோடி இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மறந்து தப்பாகக் கேட்பது குற்றமல்ல. ஒப்பந்தத்தை பார்ட்னர் சரியாக விளக்கி, நான் மட்டும் மறந்திருந்தால், எதிராளிகளுக்கு அதற்காக எந்த நிவாரணமும் இல்லை. ஆனால் பார்ட்னரின் அலெர்ட்டைப் பார்த்து விழித்துக்கொண்டு அதன்படி நடப்பது குற்றம். அது எனக்கு உரிமையில்லாத தகவல், பிரிட்ஜ் விதிகளில் 16-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. அலெர்ட்டே நடக்காதது போல, நான் உள்ளபடி ஒரு நோ டிரம்ப் கேட்டேன், பார்ட்னர் இரண்டாவது சூட்டாகக் கிளப் காட்டினார் என்று வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். அப்படி யோசித்தால் இரண்டு ஸ்பேடும் மூன்று கிளப்பும் உள்ள கையில் பாஸ்தான். பாஸ் செய்தேன். ஐந்து துருப்பு எங்களிடம், எட்டு அவர்களிடம். நான்கு கீழே, 200. பார்ட்னர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் டபுளுக்கு மேல் ஒரு நோ டிரம்ப் என்ற வரியை மட்டும் ஒரு தாளில் பத்து முறை எழுதினேன். இணையத்தில் பிபிஓ (பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன்) தளத்தில் ஆடும்போது கேட்டவரே தன் கேள்வியை விளக்கி எழுதுவதால் இந்தச் சிக்கல் வேறு விதமாக வரும். நேர் மேஜையில் ஆடுபவர்களுக்கு இதுதான் நிலைமை.

ஓப்பனரின் பக்கம். டிரான்ஸ்ஃபரை நிறைவேற்றுவது, அதாவது காட்டிய சூட்டைக் கேட்பது, தன் கையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இரண்டு சீட்டு இருந்தாலும் சொன்ன சூட்டைக் கேட்டுவிட வேண்டும். அந்தச் சூட்டே இல்லாமல் தன் ஸ்பேடு ஆறு ஏழு என்றால் மட்டும் இரண்டு ஸ்பேடு கேட்டுக்கொள்ளலாம். நான்கு நல்ல சீட்டும் உபரி பலமும் இருந்தால் ஒரு படி தாவலாம். இடதுகைக்காரர் நடுவில் பேசிவிட்டால் கடமை தீர்ந்தது, பாஸ் செய்யலாம். அப்போது பேசினால் உண்மையாகவே பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறோம்: டிரான்ஸ்ஃபரை எதிராளி டபுள் செய்தால், நிறைவேற்றினால் மூன்று சீட்டு உண்டு, பாஸ் என்றால் இல்லை. சின்ன ஒப்பந்தம், அடிக்கடி உதவுகிறது.

ஒரு ஸ்பேடுக்கு மேல் இரண்டு டைமண்ட், அதாவது ஹார்ட் டிரான்ஸ்ஃபர், அபூர்வமாகத்தான் வரும். டபுள் கேட்டவரிடமே பெரும்பாலும் நான்கு ஹார்ட் இருக்கும். ஆறு சீட்டு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். பார்ட்னர் ஒரு கிளப், ஒரு டைமண்ட் ஓப்பன் செய்து டபுள் வரும்போதும் டிரான்ஸ்ஃபர் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அது தனிப் பாடம், இப்போது வேண்டாம்.

இனி அந்த இன்னொரு நாற்காலி. எதிராளி ஒரு ஹார்ட் ஓப்பன் செய்து, உங்கள் பார்ட்னர் டபுள் கேட்டு, அடுத்தவர் பாஸ். இங்கே நான் டிரான்ஸ்ஃபரைப் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் உள்ளபடி சூட்டைச் சொல்லி டிக்ளேரர் ஆனால், உங்கள் இடதுபக்கம் இருப்பவர் ஓப்பன் செய்தவரே. அவர்தான் லீட் செய்வார், அவருக்கு அடுத்தே பார்ட்னரின் பலமான கை டம்மியாகப் பரப்பிக் கிடக்கும். இடம் ஏற்கெனவே நமக்குச் சாதகம். அதோடு, கையில் ஒன்றுமே இல்லாமல் மூன்று பாயிண்டோடு பதில் சொல்லும் கட்டாயமும் அங்கே உண்டு. சுற்றி வளைக்க இடமில்லை. எட்டு வரை இருந்தால் சூட்டைச் சொல்லுங்கள், ஒன்பது முதல் பதினொன்று வரை தாவுங்கள், அதற்கு மேல் எதிராளியின் சூட்டையே கேளுங்கள். பெரியப்பாவின் பழைய வழிதான், அது நல்ல வழி. எதிராளி பலமில்லாத இரண்டு ஹார்ட் ஓப்பன் செய்து பார்ட்னர் டபுள் கேட்டால் மட்டும் கதை வேறு. அங்கே லெபன்சோல் (இரண்டு நோ டிரம்பைக் கொண்டு பலமில்லாத கையைப் பிரித்துக் காட்டும் முறை) ஆடுபவர்கள் அதிகம். அதற்குப் பதிலாக இரண்டு நோ டிரம்பிலிருந்து மேலே டிரான்ஸ்ஃபர் ஆடும் ஜோடிகளும் உண்டு: இரண்டு நோ டிரம்ப் கிளப், மூன்று கிளப் டைமண்ட் என்று. லெபன்சோல் ஏற்கெனவே கைவசம் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

2015-இல் பிரிட்ஜின் உலக அணிப் போட்டியான பெர்முடா பௌல் நம் சென்னையில் நடந்ததே, போலந்து ஸ்வீடனை வென்று கோப்பையை எடுத்துப்போனது, அப்போது வேடிக்கை பார்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். ஆட்டத்தைவிட ஜோடிகள் தங்கள் ஏல முறையை எழுதிவைக்கும் கன்வென்ஷன் அட்டைகளைத்தான் அதிகம் படித்துக்கொண்டிருந்தேன். டபுளுக்கு மேல் டிரான்ஸ்ஃபர் என்பது அங்கே ஆடம்பரமாக இல்லை, வீட்டு உப்பு மாதிரிப் பழகிப்போன விஷயமாக இருந்தது. அந்த வாரம்தான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். இப்போது பெரியப்பாவிடம் நீங்கள் படும் பாட்டை அப்போது என் பார்ட்னரிடம் நான் பட்டேன்.

என் பார்ட்னரை வழிக்குக் கொண்டுவந்தது ரயில் பயணம்தான். இருவரும் திருவான்மியூரில் ஏறி மயிலாப்பூர் வரை பறக்கும் ரயிலில் போவோம். நான் ஒரு கையை வாயால் சொல்வேன்: "ஒரு ஸ்பேடு, டபுள். உங்க கையில கிளப் ராஜா, ராணி, பத்தோட ஆறு. ஸ்பேடு ஒண்ணு. பாயிண்ட் ஆறு." அவர் பதில் சொல்வார். அடுத்து அவர் எனக்குச் சொல்வார். திருமயிலை ஸ்டேஷன் வருவதற்குள் ஏழெட்டு கை ஆகிவிடும். சீட்டுக் கட்டு வேண்டாம், மேஜை வேண்டாம். முதல் கேள்வியோடு நிறுத்தாமல் இரண்டாவது கேள்வி வரை போகவேண்டும் என்று மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். "டைமண்ட் காட்டிட்டு ரெண்டு ஸ்பேடுக்குத் திரும்பினா என்ன அர்த்தம்" என்று கேட்டால் அவர் தூக்கத்திலும் "லீட்" என்று சொல்லும் அளவுக்கு வந்தபிறகுதான் மேஜையில் ஆட ஆரம்பித்தோம். அப்படியிருந்தும் மறந்தது நான்தான் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். முதலில் நல்ல ரெய்ஸ், மெலிந்த ரெய்ஸ் என்ற பிரிவை மட்டும் சேருங்கள். ஒரு ஸ்பேடு ஓப்பனிங்குக்கு மட்டும், இரண்டு ஹார்ட் ஏழிலிருந்து ஒன்பது, இரண்டு ஸ்பேடு அதற்குக் கீழே. அவருடைய ரீடபுளை நீங்கள் தொடவே இல்லை என்பதையும் சொல்லுங்கள். அது பழகியதும் இரண்டு கிளப்பும் ஒரு நோ டிரம்பும். ஒரு ஹார்ட் ஓப்பனிங்கை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கன்வென்ஷன் அட்டையில் மட்டும் முதல் நாளே எழுதிவிடுங்கள், எதிராளி கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.